மாற்றுத்திறனாளிகளுக்கான பாய்மரப் பயிற்சித் தளங்கள்: இடத்தேர்வின் வரலாறு

உடல் இயக்கக் குறைபாடு, பார்வைக் குறைபாடு உடையவர்கள் பாய்மரப் படகைத் தாமே செலுத்தக் கற்பது 1980-களில் பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் ஓர் இயக்கமாக வளர்ந்தது. இந்த இயக்கத்தின் வரலாறு பெரும்பாலும் படகுகளின் வரலாறாகவும், தனியாகக் கடல் கடந்த சிலரின் சாதனை வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு வரும் ஒருவருக்கு முதலில் எழும் கேள்வி படகைப் பற்றியதல்ல. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து படகின் இருக்கை வரை எப்படிப் போவது என்பதுதான். அந்தச் சில பத்து மீட்டர் தூரம் எங்கெல்லாம் தீர்க்கப்பட்டதோ அங்கெல்லாம் பயிற்சித் தளங்கள் நிலைத்தன. நல்ல படகு இருந்தும் அந்தத் தூரம் தீராத இடங்களில் அவை நிலைக்கவில்லை.

படகு முதலில் வந்தது

சாதாரணச் சிறு பாய்மரப் படகில் செலுத்துபவர் பக்கவாட்டில் அமர்ந்திருப்பார். படகு திரும்பும் ஒவ்வொரு முறையும் பாயின் அடியில் உள்ள குறுக்குக் கட்டைக்குக் கீழே குனிந்து எதிர்ப்பக்கம் தாவ வேண்டும். படகு சாய்ந்தால் உடலை வெளியே நீட்டிச் சமன் செய்ய வேண்டும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு இவை எதுவும் இயலாது. ஆகவே முதலில் மாறவேண்டியது படகுதான் என்று பலரும் கருதினர்.

பிரிட்டனில் ராட் மெக்கால்பைன்-டவுனி வடிவமைத்த சேலஞ்சர் என்ற மூன்று உடல் படகு இதற்கு ஒரு விடை. நடுவில் ஒருவர் முன்னோக்கி அமர்வார். இருபுறமும் உள்ள துணை உடல்கள் படகைக் கவிழாமல் பார்த்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் கிறிஸ் மிட்செல் உருவாக்கிய அக்சஸ் வகைப் படகுகள் (பின்னாளில் ஹான்சா எனப் பெயர் மாறியவை) இன்னொரு விடை. இவற்றில் துணியாலான தாழ்ந்த இருக்கையில் சாய்வு நாற்காலியில் அமர்வது போல அமரலாம். கையருகே உள்ள குச்சியைத் தள்ளினால் சுக்கான் திரும்பும். எடையேற்றிய அடிப்பலகை படகை நிமிர்த்தி வைக்கும். காற்று வலுத்தால் பாயைச் சுருட்டிச் சிறிதாக்கிக்கொள்ளலாம். 2.3 மீட்டர், 3.03 மீட்டர் என நீளமே இவற்றின் பெயராயிற்று. விலை குறைவாகவும் கற்பது எளிதாகவும் இருந்ததால் இவை பல நாடுகளுக்குப் பரவின.

கனடாவின் கதை சற்று வேடிக்கையானது. 1986-இல் வான்கூவர் உலகக் கண்காட்சியின்போது பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர், சக்கர நாற்காலியில் உலகைச் சுற்றிக்கொண்டிருந்த ரிக் ஹான்சனுக்குச் சன்பேர்ட் என்ற சிறு படகைப் பரிசளித்தார். அந்தப் படகு பின்னர் சாம் சல்லிவனின் முயற்சிக்கு வந்து சேர்ந்தது. பத்தொன்பது வயதில் பனிச்சறுக்கு விபத்தில் கைகால்கள் செயலிழந்தவர் அவர். 1989-இல் அவர் பிரிட்டிஷ் கொலம்பியா மாற்றுத்திறனாளிகள் பாய்மரச் சங்கத்தைத் தொடங்கினார். 2005 முதல் 2008 வரை வான்கூவர் நகர மேயராகவும் இருந்தார். சங்கத்தின் தேவையை மனத்தில் கொண்டு டான் மார்ட்டின் வரைந்த மார்ட்டின் 16 படகில், வாயில் வைத்த குழாயை உறிஞ்சியும் ஊதியும் சுக்கானையும் பாயையும் இயக்க முடிந்தது. கழுத்துக்குக் கீழே அசைவே இல்லாதவரும் படகோட்டியாக இயலும் என்பது இதனால் உறுதியாயிற்று.

ஒன்றுக்குப் பன்னிரண்டு

படகு தயார். ஆனால் அது நீரில் இருக்கிறது. நாற்காலி கரையில் இருக்கிறது. நீர்மட்டமோ கடலில் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12 என்ற விகிதத்துக்கு மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது என்பது பல நாடுகளில் ஏற்கப்பட்ட விதி. நம் ஊர் அரசு அலுவலக வாசல்களில் கட்டப்படும் சாய்தளத்துக்கும் இதே அளவுதான் சொல்லப்படுகிறது (பல இடங்களில் அது வெறும் சொல்லாகவே நிற்பது வேறு விஷயம்). ஒரு மீட்டர் உயரம் ஏற 12 மீட்டர் நீளம் வேண்டும். கரையையும் மிதவை மேடையையும் இணைக்கும் பாலத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். மிதவை மேடை நீரோடு இறங்கும், கரை இறங்காது. ஓதத்தின் ஏற்ற இறக்கம் 2 மீட்டர் என்றால், தாழ் ஓதத்திலும் சாய்வு மிகாதிருக்கப் பாலம் 24 மீட்டர் நீளமாக இருக்க வேண்டும். 4 மீட்டர் என்றால் 48. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாய்ப் பகுதியில் ஓத வேறுபாடு 12 மீட்டரைத் தாண்டும். அங்கே இக்கணக்குப்படி 144 மீட்டர் நீளப் பாலம் வேண்டும். அப்படி ஒன்றை எந்தப் படகுக் குழுவும் கட்டப்போவதில்லை.

அமெரிக்காவின் விதிகளில் இந்தக் கணக்கின் நிழலைக் காணலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கே 1990-இல் வந்தது. ஆனால் அதன்கீழ் வந்த முதல் கட்டட விதிகள் வாசல்களையும் கழிப்பறைகளையும் பற்றிப் பேசின. பொழுதுபோக்குப் படகுத்துறைகளைப் பற்றிப் பேசவில்லை. 2010-ஆம் ஆண்டுத் தரநிலைகளில்தான் அவற்றுக்குத் தனிப் பகுதி இடம்பெற்றது. அது 2012 மார்ச் முதல் கட்டாயமாயிற்று. இணைப்புப் பாலத்தின் சாய்வு 1-க்கு 12-ஐத் தாண்டக்கூடாது என்று அது சொல்கிறது. உடனே ஒரு விலக்கும் தருகிறது: பாலம் 80 அடி, அதாவது சுமார் 24 மீட்டர் நீளம் இருந்துவிட்டால் சாய்வு எவ்வளவானாலும் ஏற்கப்படும். 25 படகுகளுக்குக் குறைவாக நிற்கும் சிறு துறைக்கு 30 அடியே போதும். நிலத்தில் மனிதன் கட்டும் கட்டடத்துக்கு விதிவிலக்கு மறுக்கலாம். நிலவு இழுக்கும் நீருக்கு மறுக்க முடியாது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இதன் விளைவைப் பயனாளர்தான் சுமக்கிறார். சட்டப்படி சரியான ஒரு துறை, தாழ் ஓத நேரத்தில் சக்கர நாற்காலிக்குச் சறுக்குப் பாறையாகவே இருக்கலாம். ஓர் இடத்தைத் தேர்வு செய்ய வருபவர் உயர் ஓத நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனால் இந்தக் குறை கண்ணுக்கே படாது.

ஆகவே நீர்மட்டம் மாறாத இடங்களைத் தேடிப் போவது இயல்பாக நடந்தது. பிரிஸ்டல் நகரமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடும் ஓதத்தால் கப்பல்கள் சேற்றில் தரைதட்டி நின்ற காலத்தில், வில்லியம் ஜெசப் என்ற பொறியாளர் ஆற்றை மதகுகளால் அடைத்து 1809-இல் மிதவைத் துறைமுகம் ஒன்றை அமைத்து முடித்தார். உள்ளே நீர்மட்டம் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். வணிகக் கப்பல்களுக்காகச் செய்த அந்த ஏற்பாடு, வணிகம் அங்கிருந்து அகன்ற பிறகு மாற்றுத்திறனாளிகளின் படகுப் பயிற்சிக்குப் பயன்படுகிறது. வாசலுக்கு வெளியே 12 மீட்டர் ஓதம். உள்ளே தளம்பாத நீர்.

நீர்த்தேக்கங்களும் இவ்வாறே பயன்பட்டன. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் 1970-களில் குடிநீருக்காக உருவாக்கப்பட்ட ரட்லண்ட் நீர்த்தேக்கம் கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ளது. அதன் கரையிலுள்ள படகுக் கழகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான பயிற்சி நடக்கிறது. நீரோட்டம் இல்லை, பெரிய கப்பல்கள் இல்லை. பாய் கிழிந்தாலும் படகு எங்கோ அடித்துச் செல்லப்படாது, ஏதோ ஒரு கரையில்தான் ஒதுங்கும். குறை என்னவென்றால் கோடையில் குடிநீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும். ஓதம்போல ஆறு மணி நேரத்தில் அல்ல, மாதக்கணக்கில் இறங்கும். மிதவை மேடை அங்கும் தேவைதான். ஆனால் ஒரே நாளில் காலையில் ஏறியவர் மாலையில் இறங்க முடியாமல் தவிக்கும் நிலை இல்லை. நரம்பு வலி நோயால் உடல் முழுவதும் செயலிழந்த ஹிலாரி லிஸ்டர், 2003-இல் கென்ட் பகுதி ஏரி ஒன்றில்தான் முதன்முதலாகப் படகேறினார். இரண்டே ஆண்டுகளில், 2005 ஆகஸ்டில், வாயில் வைத்த குழாய்களால் படகை இயக்கி ஆங்கிலக் கால்வாயைத் தனியாகக் கடந்தார். 2009-இல் பிரிட்டனைச் சுற்றிவந்தார். கால்வாயைக் கடந்ததைச் செய்தித்தாள்கள் கொண்டாடின. என் பார்வையில் அந்த ஏரியும் அதே அளவு முக்கியம்.

கடல்விமானங்கள் விட்டுச்சென்ற கரை

புகழ்பெற்ற சில தளங்களின் பழைய வரலாற்றைப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. வான்கூவர் சங்கம் இயங்கும் ஜெரிக்கோ கடற்கரை, 1920 முதல் கனடாவின் கடல்விமானத் தளமாக இருந்தது. மயாமியில் ஷேக்-எ-லெக் அமைப்பு இயங்கும் கோகனட் குரோவ் கரையும் பழைய கடல்விமானப் பகுதிதான். 2012 லண்டன் பாராலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் நடந்த போர்ட்லண்ட் பாய்மரக் கழகம், 1999-இல் மூடப்பட்ட கடற்படை ஹெலிகாப்டர் தளத்தின் மீது எழுந்தது.

யாரும் திட்டமிட்டுத் தேடிச் சேர்த்த ஒற்றுமை அல்ல இது. கடல்விமானத்தை நீரிலிருந்து கரைக்கு இழுக்க அகலமான, மெதுவாகச் சரியும் கான்கிரீட் தளம் வேண்டும். படிகள் இருக்கக்கூடாது. அலையடிக்காத நீர் வேண்டும். வண்டிகள் நீர் விளிம்பு வரை வர வேண்டும். கூரையுயர்ந்த பெரிய கொட்டகை வேண்டும். சக்கரத்தில் உருண்டு நீருக்குள் போகவேண்டிய விமானத்துக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் தேவைகள் ஏறக்குறைய ஒன்றே. இதற்கு மாறாக, பழைமையும் பெருமையும் மிக்க படகுக் கழகங்கள் பெரும்பாலும் கற்படிக்கட்டு, மாடியில் உணவுக்கூடம், சேற்றுக்கரை என்றிருந்தன. அங்கே நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. நான்கு பேர் சேர்ந்து நாற்காலியைத் தூக்கிச் செல்வார்கள். ஆனால் தூக்கிச் செல்லப்படுபவர் தான் நினைத்த நேரத்தில் வரவும் போகவும் முடியாது. 2004 அக்டோபர் முதல் பிரிட்டனில் சேவை வழங்குவோர் கட்டடத் தடைகளை நியாயமான அளவில் நீக்கவேண்டும் என்ற கடமை நடைமுறைக்கு வந்த பிறகே பல கழகங்கள் இதை யோசிக்கத் தொடங்கின.

மயாமித் தளம் உருவான விதமும் கவனிக்கத்தக்கது. கார் விபத்தில் கால்கள் செயலிழந்த ஹாரி ஹோர்கன் 1982-இல் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூபோர்ட்டில்தான் ஷேக்-எ-லெக் அமைப்பைத் தொடங்கினார். பாய்மரப் போட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்குப் படகோட்டும் பருவம் கோடையோடு முடிந்துவிடும். 1990-இல் மயாமியில் தொடங்கிய கிளையில் ஆண்டு முழுவதும் பயிற்சி நடத்த முடிந்தது. பிஸ்கேன் விரிகுடா ஆழம் குறைந்தது. ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. முதுகுத்தண்டுக் காய மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற மருத்துவர்கள் அதே நகரில் இருந்தது மற்றொரு வசதி.

தோலும் வெயிலும்

தட்பவெப்பம் என்பது இங்கே சொகுசு பற்றிய பேச்சல்ல. மார்புக்கு மேல் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவரின் உடல் காயத்துக்குக் கீழே சரியாக வியர்ப்பதில்லை, நடுங்குவதும் இல்லை. வெயிலில் உடல்சூடு ஏறிக்கொண்டே போகும். குளிரில் இறங்கிக்கொண்டே போகும். மற்றவருக்கு இதமான காற்று அவருக்கு ஆபத்தாகலாம். உணர்ச்சியற்ற தோல் ஒரு மணி நேரம் கடினமான இருக்கையில் உரசினால் புண்ணாகும். அது ஆற மாதங்கள் ஆகலாம். ஈர உடை அதை விரைவுபடுத்தும். எனவே மிதவை மேடைக்கு அருகிலேயே நிழலும், வெதுவெதுப்பான உடைமாற்றும் அறையும் வேண்டும். அந்த அறையில் பெரியவர் படுக்கும் அளவு மேசையும் தூக்கு இயந்திரமும் வேண்டும். வழக்கமான சக்கர நாற்காலிக் கழிப்பறையில் இவை இருப்பதில்லை. பிரிட்டனில் இந்தக் குறையை முன்வைத்து 2006-இல்தான் தனி இயக்கமே தொடங்கியது. நாற்காலியிலிருந்து படகுக்கு மாற்றும் தூக்கு இயந்திரமும் இப்படித்தான்: இருக்கிறதா என்பதோடு, எத்தனை இருக்கின்றன, இயக்கத் தெரிந்தவர் அன்று வருவாரா என்பதையும் கேட்க வேண்டும். ஒரே இயந்திரத்தில் பத்துப் பேரை ஏற்றி இறக்கினால், முதலில் ஏறியவர் வெயிலில் காத்திருப்பார், கடைசியில் ஏறுபவருக்குக் காற்று மிஞ்சாது.

பார்வையற்றோருக்கு வேறு நிலம்

மேலே சொன்ன எதுவும் பார்வையற்ற படகோட்டிக்கு முதன்மைக் கவலை அல்ல. அவர் படி இறங்குவார். அவருக்கு வேண்டியது ஒழுங்கான காற்று. முகத்திலும் கழுத்திலும் படும் காற்றின் திசையைக் கொண்டுதான் அவர் படகின் போக்கை அறிகிறார். மலை மடிப்புகளில் சுழன்று சுழன்று வீசும் காற்று அவரைக் குழப்பிவிடும்.

இத்தாலியின் கார்டா ஏரியில் காலையில் வடக்கிலிருந்து பெலெர் என்ற காற்றும், பிற்பகலில் தெற்கிலிருந்து ஓரா என்ற காற்றும் நல்ல வானிலையில் கடிகாரம்போல் வீசும். 1990-களில் அங்கே தொடங்கிய ஹோமரஸ் என்ற முயற்சி, படகில் பார்வையுள்ளவர் எவரும் இல்லாமலே பார்வையற்றோர் பந்தயம் ஓட்டும் முறையை வளர்த்தது. திருப்புமுனைகளில் உள்ள மிதவைகள் தனித்தனி ஒலி எழுப்பும். படகுகளும் காற்றை எந்தப் பக்கம் வாங்குகின்றன என்பதை ஒலியால் அறிவிக்கும். மோதலைத் தவிர்க்க அதுவே வழி. ஒலியால் வழிகாணும் இந்த முறைக்கு அமைதியான நீர்ப்பரப்பு வேண்டும். இயந்திரப் படகுகள் நிறைந்த துறைமுகத்தில், எவ்வளவு நல்ல சாய்தளம் இருந்தாலும், இது நடவாது. ஒரே தளம் எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருந்தும் என்ற எண்ணம் கார்டாவில் வந்து உடைகிறது.

திறந்த கடலில்

கரையே சிக்கல் என்றால் கரையைத் தவிர்த்துவிடலாம் என்பது வேறொரு சிந்தனை. 1978-இல் பிரிட்டனில் தொடங்கிய ஜூபிலி பாய்மர அறக்கட்டளை, லார்ட் நெல்சன் என்ற பெரும் பாய்மரக் கப்பலை 1986-இல் பயணத்துக்கு விட்டது. 2000-இல் டெனேசியஸ் என்ற இரண்டாவது கப்பல் நீரில் இறக்கப்பட்டது. தளங்களுக்கிடையே மின்தூக்கி, பேசும் திசைகாட்டி, அகன்ற நடைபாதை ஆகியவை கப்பலிலேயே இருந்தன. சக்கர நாற்காலியோடு பாய்மரத்தின் மேலே ஏற்றிவிடவும் வழி செய்திருந்தார்கள். மாற்றுத்திறனாளியும் அல்லாதவரும் இணையாகப் பணி செய்தனர். ஆயிரக்கணக்கானோர் இவற்றில் சென்றிருக்கிறார்கள். ஆனால் பெரிய கப்பலை ஓட்டப் பெருந்தொகை வேண்டும். லார்ட் நெல்சன் 2019-இல் பணி ஓய்வு பெற்றது. 2023 இறுதியில் அறக்கட்டளையே நிதியின்றி நின்றுபோனது.

ஜெஃப் ஹோல்ட் செய்தது இதற்கு நேர்மாறு. 1984-இல் கரீபியத் தீவான டோர்ட்டோலாவில் நீருக்குள் பாய்ந்தபோது கழுத்து முறிந்தவர். 2007-இல் சேலஞ்சர் படகில் 109 நாட்களில் பிரிட்டனைச் சுற்றினார். இரவுகளில் கரையேற வேண்டியிருந்ததால், நாட்டின் துறைமுகங்கள் எந்த அளவுக்குச் சக்கர நாற்காலிக்கு ஏற்றவை என்பதை உடலாலேயே அளந்தவர் அவர். 2010 ஜனவரியில் இம்பாசிபிள் டிரீம் என்ற இரட்டை உடல் படகில் அட்லாண்டிக்கைக் கடந்து, விபத்து நடந்த அதே கரையில் போய்ச் சேர்ந்தார். அந்தப் படகு இப்போது மயாமி அமைப்பிடம் இருக்கிறது.

சென்னைக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. 2022 நவம்பர் 27 அன்று மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் அருகே செல்ல 260 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மரப்பாதை திறக்கப்பட்டது. இரு வாரம்கூட ஆகாத நிலையில் மாண்டஸ் புயலில் அதன் கடலோர முனை சிதைந்து, பிறகு சீர்செய்யப்பட்டது. சென்னையில் ஓத வேறுபாடு சுமார் ஒரு மீட்டர்தான். ஓதக் கணக்கில் வான்கூவரைவிட இது எளிய இடம். தடையாக நிற்பது கரையில் உடையும் அலை. அதனால்தான் இங்குப் பாய்மரப் படகோட்டம் நூறாண்டுக்கு மேலாகத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களுக்குள் நடந்துவருகிறது.

போட்டியும் அதன் பின்னும்

1996 அட்லாண்டா பாராலிம்பிக்கில் பாய்மரம் காட்சி விளையாட்டாக நடந்தது. 2000 சிட்னியில் பதக்க விளையாட்டாயிற்று. 2012-இல் போர்ட்லண்டில் ஒருவர் செலுத்தும் 2.4 வகைப் படகில் ஆண்களோடு போட்டியிட்டுப் பிரிட்டனின் ஹெலினா லூக்காஸ் தங்கம் வென்றார். ஆனால் போதிய நாடுகளில் பரவவில்லை என்ற காரணத்தால், 2016 ரியோவுக்குப் பிறகு இவ்விளையாட்டு நீக்கப்படும் என்று 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அது இன்றுவரை திரும்பவில்லை. அந்தக் காரணத்தில் உண்மை உண்டு என்றே தோன்றுகிறது: எடைமிக்க கீல் படகுகளும் அவற்றுக்கான பாரந்தூக்கிகளும் பணக்கார நாடுகளின் துறைகளில்தான் இருந்தன. இப்போது உலகப் போட்டிகளில் விலைகுறைந்த ஹான்சா 303 படகும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

போட்டி போனாலும் தளங்கள் கட்டப்படுவது நிற்கவில்லை. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், விபத்தில் கால் செயலிழந்த டான் பேக்கி 1991-இல் தொடங்கிய அமைப்பு, பல ஆண்டுகள் பெரும்பாலத்தின் அருகேயுள்ள அரசுப் பூங்கா ஒன்றின் படகுத்துறையை நம்பி இயங்கியது. விரிகுடாவின் காற்றுக்கும் அலைக்கும் நேர் எதிரே இருந்த இடம் அது. 2022-இல் அன்னாபொலிஸ் நகரின் பேக் கிரீக் என்ற ஒதுங்கிய ஓடைக்கரையில் அதற்கென்றே தகவமைத்த தளம் திறக்கப்பட்டது. அங்கே ஓதம் அரை மீட்டருக்கும் குறைவு.